இருபது அங்குல ஆள்

கைரியா கிணற்றடிக் கல்லில் புருஷனுடைய சாரன்களைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை வேலை அது. மற்ற உருப்படிகள் சலவைக்குப் போகும். சாரன்களை மட்டும் அவள் பிறத்தியார் கையில் கொடுப்பதில்லை. ஸெய்னுலாப்தீன் சீலை வியாபாரி. சனிக்கிழமை விடிய மஹய்யாவயில் புறப்பட்டால், சைக்கிளின் பின்னால் துணிப் பொட்டணியைக் கட்டிக்கொண்டு தெல்தெனியப் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு வியாழன் பொழுதுபடத்தான் வீடு திரும்புவார். எங்கெங்கே போனார் என்று அவரிடம் கேட்டால் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். சாரன் அப்படியில்லை. செம்மண் கரை என்றால் தோட்டத்து ஏற்றம். கறுப்புச் சேறு என்றால் வயல் வரம்பால் குறுக்கே போயிருக்கிறார். ஒட்டுப்புல் இருந்தால் ஓடைக்கரையில் உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறார்.

இந்தத் தடவை சேறும் இல்லை, புல்லும் இல்லை. சைக்கிளின் முன் சக்கரத்தைக் கவ்வுகிற போர்க்கு முறிந்து இறக்கத்தில் விழுந்து, வாய் கிழிந்து வந்த நாளிலிருந்து அவர் பஸ்ஸில்தான் போய்வருகிறார். பொட்டணியைச் சுமக்க அங்கே ஒரு கூலியாள். ஆனால் விரித்துப் பிடித்த சாரனின் நடுவில், உட்கார்ந்தால் மடி வருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை இருந்தது.

கைரியா முகர்ந்து பார்த்தாள். சமையல் எண்ணெய் இல்லை. சைக்கிளுக்குப் போடுகிற எண்ணெயும் இல்லை. என்னென்னவோ போட்டுக் காய்ச்சிய எண்ணெய். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் போல இருந்தது.

அவருடைய மடியில் தலை வைத்துப் படுக்கத் தெல்தெனியவில் யார்?

சவர்க்காரத்தைக் கறையில் தேய்க்கப் போனவள் நிறுத்தி, அந்தச் சாரனை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

அவள் இப்படி யோசிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. பிலிமத்தலாவையில் அவளுடைய வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொழும்புக்குப் போன வாப்பா இரண்டு குடை வாங்கினார். வீட்டுக்கு வந்தது ஒன்று. மற்றது எங்கே என்று உம்மா கேட்டதற்கு, ரயிலில் மறந்துவிட்டேன் என்றார். மழைக்காலம் வந்ததும் அந்தக் குடையை ஒருத்தி விரித்துக்கொண்டு கடைவீதியில் நடந்து போனாள். உம்மா அதன்பிறகு நாற்பது வருஷம் பாதிப் புருஷனோடு குடித்தனம் நடத்தினாள். சட்டமும் மார்க்கமும் வாப்பாவின் பக்கம் இருந்ததால் யாரிடமும் முறையிடவும் இல்லை. கைரியா அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்: ஆள் பொய் சொல்லலாம், சாமான் சொல்லாது. கல்யாணம் முடித்து மஹய்யாவக்கு வந்து, ஒரே மகளை அக்குறணையில் கட்டிக்கொடுத்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. புருஷனின் கோட்டுப் பையைத் தட்டாமல் அவள் ஆணியில் மாட்டியதில்லை.

சந்தேகத்துக்கு ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. தெல்தெனியவில் ஸெய்னுலாப்தீன் பொட்டணியை இறக்கித் தங்குவது ஹலீமின் கடையில். ஹலீம் குள்ளம்; நின்றால் ஸெய்னுலாப்தீனின் நெஞ்சுக்கு வருவார். அவருடைய தங்கச்சி சகீனாவின் புருஷன், ஊரையெல்லாம் வாரிக்கொண்டு போன கடந்த வருஷத்துக் காய்ச்சலில் மௌத்தாகிப் போனார். சகீனா வீட்டோடு இருந்து துக்கம் காக்கிற இத்தா முடிந்து வெளியே வந்து அதிக நாளாகவில்லை. வந்த கையோடு கைரியாவுக்கு ஒரு பானைக் கித்துள் கருப்பட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். கைரியா அதை வாங்கி வைத்தாளே தவிர, தேத்தண்ணிக்கு ஒரு துண்டு கடிக்கவில்லை.

விழுந்த நாளிலிருந்து வீட்டிலும் சில மாற்றங்கள். மேல் வலிக்கிறது என்று சொல்லி ஸெய்னுலாப்தீன் முன்னறையில் தனியே பாய் போட்டுப் படுத்தார். இரவு இஷாத் தொழுகையை வீட்டிலேயே தொழுகிறவர், இப்போது வீட்டில் நிற்கிற நாளில் ஒரு வக்துத் தொழுகையும் தவறாமல் பள்ளிக்குப் போனார்.

"பள்ளிக்கு என்ன, புதுசா விளக்குப் போட்டீக்கா?" என்று அவள் கேட்டாள்.

"அல்லாஹ்ட வீட்டுக்குப் போறதுக்கும் ஒன்னிட்டக் கேக்கணுமா புள்ள?" என்றார் அவர். அதற்கு மேல் பேச முடியுமா?

அன்று பள்ளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு இராமையா வீட்டுக்கு வந்தான். திருகோணமலை வீதியில் ஒரு சைக்கிள் கடையில் அவன் சைக்கிள் பூட்டிக் கொடுக்கிற வேலைக்காரன். மஹய்யாவ லயத்தில், வரிசை வீடொன்றில் குடியிருக்கிறான். ஸெய்னுலாப்தீனை அவன் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான். புதுச் சைக்கிளுக்கு என்ன பிரேம், என்ன போர்க்கு என்று பேசி முடிவெடுக்க வந்திருந்தான். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கிய சீலைக்குப் பின்னால் கைரியா சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். கல் எல்லாம் அரிசியிலேயே கிடந்தது.

போர்க்கைப் பற்றிய பேச்சு நெடுநேரம் நடந்தது.

"வளைவு கூடுன போர்க்கு குலுக்கலத் தின்னுபுடும் நானா. ஆனா மேட்டுல ஏறுறப்ப மூக்கு அங்கயும் இங்கயும் அலையும். நிமிந்ததுன்னா சொன்ன பேச்சக் கேக்கும். ராவைக்கு ஒங்க மணிக்கட்டுதான் மரத்துக் கெடக்கும்" என்றான் இராமையா.

"நடுவில ஒண்டில்லையா?"

"இருக்கு. வாய் அகலமானதாப் பாத்துப் போடுவோம். டயருக்கும் போர்க்குக்கும் நடுவுல ரெண்டு வெரல் போவணும். இல்லாட்டி அந்தப் பக்கத்துச் சேறு அப்பிக்கிட்டுச் சக்கரத்தச் சுத்த விடாது. ஒங்க பழசுல அதானே வந்திச்சு? சேத்த இழுத்து இழுத்து, ஒட்டுப்போட்ட எடத்துல முறிஞ்சிருச்சு."

"இந்த முற ஒட்டுப்போட்டது தேவல்ல. புதுசே போடுங்க. மட்கார்டும் தேவல்ல, அதிலயும் சேறுதான் அடையிது."

கைரியாவுக்கு இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுளகுக்கு நார் கட்டக் கொடுத்தாலும் நாலு தரம் திருப்பிப் பார்த்து வாங்குகிற மனுஷர்தான் அவர். பிறகு இராமையா சொன்னான்:

"சரி, பிரேமுக்கு அளவெடுப்போம். செவுத்தோரமா நில்லுங்க நானா."

"அளக்கத் தேவல்ல. இருபது அங்குலம் போடுங்க."

"இருபதா?" இராமையாவின் குரல் ஏறியது. "நீங்க நிக்கிற ஒசரத்துக்கு இருபத்துநாலுல்ல வேணும். காலு ரெண்டையும் தரையில ஊண்டி நின்னா குறுக்குப் பாருக்கும் ஆளுக்கும் நடுவுல ஒரு கையி போகணும், அம்புட்டுதான். இருபதுல நீங்க ஒக்காந்தா, ஆட்டுக்குட்டி மேல கொக்கு ஒக்காந்த மாதிரி இருக்கும்."

"சீட்ட ஒசத்திக் குடுங்க. சேத்தில சறுக்கினா கால் ஊண்டோணும். பார் தாழ்வா ஈந்தாத்தான் நல்லம்."

"அது நாயந்தான். ஆனா நீங்க ஓடையிலயும் தோட்டத்துப் படியிலயும் எறங்கி, சைக்கிள தோள்ல மாட்டிக்கிட்டு நடக்குற ஆளு. பிரேமு நடுவுல தோளு நொழைய வேணாமா? இருபதுல ஒங்க கையிதான் நொழையும்."

"தூக்க ஆளீக்கி."

கைரியாவின் கை சுளகில் அப்படியே நின்றது. தூக்க ஆளா?

"இன்னும் தாழ்வா வேணும்னா பொம்பள சைக்கிள்தான் நானா. பாரே கெடையாது. பாவாடையோட ஏறலாம்" என்று இராமையா சிரித்தான்.

ஸெய்னுலாப்தீன் சிரிக்கவில்லை. "இருபது எண்டு எழுதிக்கங்க" என்றார்.

அதைக் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும், இருபத்துநாலு என்றால் கடையிலேயே தொங்குகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு இராமையா போனான்.

கைரியா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். போர்க்கு, தெல்தெனியப் பக்கத்துச் சேற்றுக்கு. பிரேம், ஒரு குள்ள ஆளுக்கு. அப்படியானால் இந்தச் சைக்கிளில் ஏறப்போகிற குள்ள ஆள் தெல்தெனியப் பக்கத்தில் இருக்கிறான். தனக்குச் சட்டை தைக்கிறவன் தையல்காரனுக்கு அளவு கொடுக்காமல் போவானா? மாப்பிள்ளையாகப் போகிறவன் மச்சானுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் ஊரில் யார் குறை சொல்லப் போகிறார்கள்? வாப்பாவாவது ஒரு குடையோடு முடித்தார்.

பகல் சோறு போடும்போது கேட்டாள்.

"புதுச் சைக்கிள் ஆருக்கு?"

"இது என்த்த கேள்வி? எனக்குத்தான்."

"ஒங்கட காலுக்கு அது கட்டையாமே."

அவர் சோற்றிலிருந்து தலையெடுத்துப் பார்த்தார். "சீலைக்குப் பின்னால நிண்டு கேட்டியா?"

"வீட்டுக்குள்ள கத்திப் பேசினா காதப் பொத்திக்கொள்றதா?"

"கேட்டா கேட்டதோட வெச்சிக்க. கிணத்துக்கு வாற ரத்தினம்மாக்கிட்டப் போய் வாய் தொறக்காத. இந்த வீட்டுல ஒரு பேச்சு விழுந்தா பொழுது படுறதுக்குள்ள மஹய்யாவ முழுக்கக் கேக்கும்."

கையைக் கழுவிக்கொண்டு, துருக்கித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். எதற்காக வாய் திறக்கக் கூடாது? ஊருக்குத் தெரியக் கூடாத சைக்கிள் உலகத்தில் உண்டா?

மறுநாள் அவர் பஸ்ஸில் போய்விட்டார். அதற்கு மறுநாள் ரத்தினம்மா குடத்தோடு கிணற்றுக்கு வந்தாள். இராமையாவின் மனைவி அவள்தான். லயத்துக் குழாயில் அடித்துப்பிடித்து நிற்க முடியாமல் குடிதண்ணீருக்குக் கைரியாவின் கிணற்றுக்கு வருவாள். வந்தால் குடம் நிரம்பிய பிறகும் அரை நாழிகை நிற்பாள்.

"எங்க வீட்டுக்காரரு பொலம்புறாருக்கா. 'அந்த ஒசந்த மனுசனுக்கு இருபதப் பூட்டிக் குடுத்தா, பாக்குறவன் என்னையத்தானே காறித் துப்புவான்'னு. சோறு எறங்கலங்கிறாரு."

கைரியா கயிற்றை இழுத்துக்கொண்டே, "அவரு போகக்குள்ள செல்லிட்டுப் போன" என்றாள். "இருபத்துநாலே போடட்டுமாம்."

பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ஆத்தாடி! இத அவருக்கிட்டயே நேரா சொல்லப்படாதா?"

"ஆம்புளகள் பேச்ச மாத்தினா அவங்கட வாயாலயா செல்லுவாங்க? பொம்புளகள்ட வாயாலதான் வரும்."

ரத்தினம்மா சிரித்துக்கொண்டு குடத்தை இடுப்பில் வைத்தாள். "அதுவும் சரிதான். எங்காளும் அப்புடித்தான்."

அவள் போன பிறகு கைரியா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். செய்தது சரியா என்ற கேள்வி வந்தது. ஹலீம் அந்த உயரச் சைக்கிளில் வௌவால் போலத் தொங்குவதை மனதில் கண்டாள், கேள்வி போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம் பார்த்து, இராமையா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கறுப்புப் பிரேம். போர்க்கின் அகன்ற வாய் வெயிலில் மினுங்கியது. பள்ளியிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள்.

"இருபத்துநாலு நானா. கடைசியில என் பேச்சக் கேட்டீங்களே, அதான் சந்தோசம். ஏறுங்க, சீட்டு ஒசரம் பாப்போம்."

ஸெய்னுலாப்தீன் சைக்கிளைப் பார்த்தார். இராமையாவைப் பார்த்தார். பிறகு திரும்பி வாசல் சீலையைப் பார்த்தார். சீலையின் ஓரத்தில் ஒரு கண் அளவு இடைவெளி விட்டு நின்றிருந்த கைரியா பின்னால் நகர்ந்தாள்.

"ஏறிக் காட்டுங்க ஸெய்னுலாப்தீன் நானா! புது மாப்பிள மாதிரி ஒரு ரவுண்டு போங்க!" என்று நின்றவர்களில் ஒருவர் கத்தினார்.

"ஜும்ஆச் சாரனோட கிரீஸ் பூசிக்கொள்ளச் செல்றீங்களா? பொறகு பாப்போம்" என்று சொல்லி, அவர் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்து, வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்கு உருட்டிக்கொண்டு போனார். முகம் செத்திருந்தது.

கைரியாவுக்கு அந்த முகம் போதுமாக இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள். தனக்கென்று வாங்கியவன் தன் அளவுக்கு வந்த சைக்கிளைப் பார்த்தா முகம் செத்துப்போவான்? தனியே எடுத்து வைத்திருந்த சாரனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இன்றைக்குக் கேட்டுவிடுவது. சகீனாவின் பெயரைச் சொல்லியே கேட்டுவிடுவது. அடுக்களை ஜன்னலுக்குப் போய், சட்டங்களின் இடுக்கால் பின்வளவைப் பார்த்தாள்.

ஸெய்னுலாப்தீன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று கண்டதும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளின் இடப்பக்கம் நின்று வலக்காலைப் பின்னால் தூக்கினார். கால் பாதி உயரம்கூட வரவில்லை. இறக்கிவிட்டார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினார். இந்த முறை வாய் கோணிப்போயிற்று. ஹேண்டிலை விட்ட ஒரு கை அடிவயிற்றின் ஓரத்தை, தொடை தொடங்குகிற இடத்தை, அமுக்கிப் பிடித்தது.

பிறகு சைக்கிளைத் துவைகல்லின் அருகே கொண்டுபோய், கல்லில் ஏறி நின்று பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. கடைசியாகச் சைக்கிளைத் தரையோடு சாய்த்து, படுத்திருக்கிற மாட்டைத் தாண்டுவது போலப் பாரைத் தாண்டி நடுவில் நின்று, அதைக் கால்களுக்கிடையே நிமிர்த்த முயன்றார். நிமிர்ந்து வந்த பார் அவர்மேல் பட்டதும் "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம் வந்தது. சைக்கிளை விட்டுவிட்டார். அது விழுந்து, மணி தானாக ஒரு தரம் அடித்தது. அவர் துவைகல்லில் உட்கார்ந்தார். கை இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது.

கைரியா சாரனை விரித்துக் கறையைப் பார்த்தாள். அதே இடம்.

அவர் அடுக்களைக்குள் வரும்போது அவள் அடுப்பின் முன் நின்றாள். சாரன் பலகை மேல் கிடந்தது.

"எப்ப தொட்டு இந்த நோவு?" என்றாள்.

அவருக்கு மறைக்கத் தெம்பில்லை. பலகையின் ஓரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"விழுந்த அண்டைக்குத்தான். போர்க்கு முறிஞ்ச ஒடன நான் முன்னால போன, பார் இடிச்சிட்டு. வாயில பட்ட காயம் எல்லாருக்கும் தெரிஞ்ச. இந்த எடம் வீங்கி, குடல் எறங்கிக்கொண்டு வருது. தெல்தெனியவில நாட்டு வைத்தியம் பாக்கிற ஒரு வெதமாத்தயா எண்ணெய் தந்தீக்கார், பூசிக்கொண்டு வாறன். தொழுறதும் நீ காணாம பள்ளில ஒரு மூலையில குந்திக்கொண்டுதான்."

"ஆசுபத்திரிக்குப் போகேலாதா?"

"வெட்டணும் எண்டுவான். வெட்டிப் படுத்தா மாசக்கணக்கு."

"எனக்காவது செல்ல ஏலாதா?"

"என்த்தச் செல்ற? சீலக்காரன் சைக்கிள்ல ஏற ஏலாம ஈக்கிறான் எண்டு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், மத்தக் கெழம என்ட தோட்டங்கள இன்னொருத்தன் சுத்துவான். ஒனக்குச் செல்றதும் கிணத்தடியில செல்றதும் ஒண்டுதானே? இருபதெண்டா பார் தாழ்வு, கால ஒசத்தாம முன்னால தாண்டி ஏறியிருப்பன். பாரில்லாத சைக்கிள்ல போனா தோட்டத்துல சின்னப் புள்ளையும் சிரிக்கும். கல்லு முள்ளுல தூக்கிறதுக்கும் அந்தக் கூலியாள் ஈக்கான்."

அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்தது. கைரியா அதை இறக்கி வைத்தாள். பூட்டிய பிரேமைக் கடை திரும்ப எடுக்காது என்பது அவளுக்கும் தெரியும். நாளைக்குச் சனிக்கிழமை. ஊர் பார்க்கப் புதுச் சைக்கிள் வந்தாயிற்று. இனி அவர் பஸ்ஸில் போனால், ஏன் என்று மஹய்யாவயில் ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

பெட்டியடியில் கிடந்த பானையை எடுத்து, சகீனா கொடுத்தனுப்பிய கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து, கோப்பையோடு அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"இராமையா அளவு மாத்திப் போடுறவனில்ல" என்றார். "நான் மாத்தச் செல்லினதாச் செல்றான். நான் ஊர்லயே இல்ல. இந்த வீட்டுலருந்துதான் செய்தி போயீக்கி."

அவள் கறைபட்ட சாரனை மடித்தாள். ஒரு தரம் மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"கைரியா." அவர் கோபப்படவில்லை; பொட்டணியில் ஒரு முழம் குறைந்தால் எங்கே போயிற்று என்று யோசிக்கிற குரலில்தான் கேட்டார். "அந்த இருபது அங்குல ஆள் ஆரெண்டு நீ நெனச்ச?"

கைரியா சாரனை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சவர்க்காரத் துண்டையும் எடுத்துக்கொண்டு, குனிந்து நிலையைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனாள்.